களை மருந்து மண்ணில் எத்தனை நாள் நிற்கும்?

மக்காச்சோளத்துக்கு அட்ரசின் அடித்த காட்டில் தட்டைப்பயறு போட்டேன். நன்றாக முளைத்து, இப்போது இலை ஓரம் கருகுகிறது. விதை கோளாறா? (தலைவாசல்)

விதை மேல் பழி போடாதீர்கள், இது மருந்து மிச்சம்தான். அட்ரசின் முளைப்பைத் தடுக்காது, இலை உணவு தயாரிப்பதைத்தான் முடக்கும். விதைக்குள் இருக்கும் சத்து தீரும்வரை செடி பச்சையாக நிற்கும். அப்புறம் அடி இலையின் ஓரம் மஞ்சளாகி, உள்நோக்கிக் காயும். உழவுக் கூலியும் விதைக் காசும் போன பிறகே இது தெரிகிறது என்பதுதான் வேதனை.

இந்த மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய 60 நாள் என்பார்கள். ஈரமும் நுண்ணுயிரும் உள்ள மண்ணுக்குத்தான் அந்தக் கணக்கு. மழை இல்லாமல் காய்ந்து கிடந்த நாட்களை அதில் சேர்க்க முடியாது. சுண்ணாம்பு கலந்த கார மண்ணில் இன்னும் மெதுவாகவே சிதையும்.

அடுத்த முறை விதைக்கும் முன் நாலைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்குள் மண் எடுத்து ஒரு டப்பாவில் நிரப்புங்கள். மருந்து படாத மண்ணை இன்னொன்றில் போட்டு, இரண்டிலும் பத்துப் பயறு ஊன்றி வெயிலில் வையுங்கள். முளைத்துவிட்டதே என்று ஒரே வாரத்தில் முடிவெடுக்காமல் மூன்று வாரம் பொறுங்கள். அதுவரை நிலம் சும்மா கிடக்க வேண்டாம் என்றால் சோளம் போடலாம், அது தாங்கும்.

காப்பித் தோட்டத்தில் கிளைபோசேட் அடித்தால் கீழே ஊற்றுத் தண்ணீரில் இறங்குமா? (ஏற்காடு)

பெரும்பாலும் ஊறி இறங்காது. சேர்வராயன் மலையில் பாக்சைட் (அலுமினியத் தாது) வெட்டிய இடங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் கிளைபோசேட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். நான் பயப்படுவது சரிவைப் பார்த்துத்தான். கனமழையில் மேல்மண் கரைந்தால் மருந்தும் அதோடு ஓடையில் இறங்கிவிடும். மழை வரும்போல் இருந்தால் அடிக்காதீர்கள், ஓடைக்கரைப் புல்லைத் தொடவே தொடாதீர்கள். காப்பிக் கன்றின் பச்சைத் தண்டிலும் படக் கூடாது.

பெண்டிமெத்தலின் அடித்தும் களை வந்துவிட்டதே? (ஓமலூர்)

காய்ந்த மண்ணில் அடித்திருப்பீர்கள். ஈரம் இல்லாவிட்டால் அது வேலை செய்யாமல் மேலேயே கிடந்து, வெயிலில் ஆவியாகிப் போகும்.

கிணற்றுப் பக்கம் 2,4-டி அடிக்கலாமா? (எடப்பாடி)

வேண்டாம். ஈர மண்ணில் சீக்கிரம் சிதையும், உண்மைதான். ஆனால் மண் அதைப் பிடித்து வைக்காது. சரளைச் செம்மண்ணில் அடித்த மறுநாளே மழை பெய்தால் தண்ணீரோடு கீழே போய்விடும். மருந்து அடித்த டேங்க் கழுவும் தண்ணீரையும் கிணற்று மேட்டில் ஊற்றாதீர்கள்.