மேற்குக் கரையில் யூத இளைஞர்கள்: கேள்வி பதில்

இஸ்ரேல் ராணுவத்தின் பிடியில் இருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில், பாலஸ்தீனர்களுக்குத் துணையாகப் போய் நிற்கும் யூத இளைஞர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் அந்தப் பகுதியைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: காசாவில் போர் நடக்கும்போது இவர்கள் மேற்குக் கரையில் போய் என்ன செய்கிறார்கள் அண்ணா?

பெரும்பாலும் கூட இருப்பதுதான் வேலை. தெற்கு ஹெப்ரோன் மலைகளில் மசாஃபர் யத்தா என்று ஒரு பகுதி, ஆடு மேய்த்தும் கோதுமையும் ஒலிவ மரமும் போட்டும் பிழைக்கிற சின்னச் சின்ன ஊர்கள். மேய்ப்பர் ஆட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பினால் இரண்டு பேர் பின்னாலேயே நடப்பார்கள். பக்கத்துக் குடியேற்றத்துக்காரர் (மேற்குக் கரையில் ஊர் அமைத்துக் குடியேறிய இஸ்ரேலியர்) தன் மந்தையை இவர்கள் வயலுக்குள் ஓட்டிவந்தால் ஃபோனில் படம்பிடிப்பார்கள், போலீசைக் கூப்பிடுவார்கள், வக்கீலுக்குச் சொல்வார்கள். ராத்திரி முறைபோட்டு விழித்திருப்பதும் உண்டு. தாயுஷ் என்ற அமைப்பு 2000-இல் தொடங்கியது. வெளிநாட்டு யூத இளைஞர்களை அழைத்துவரும் அகிம்சைக்கான யூத மையம் 2015-இல் வந்தது.

கேள்வி: போவது யூதர் என்றால் என்ன மாறிவிடப் போகிறது?

மூன்று பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். போவது இஸ்ரேலிய யூதர் என்றால் மாறுவது சட்டம். ஒரே மலையில் பாலஸ்தீனருக்கு ராணுவச் சட்டம், இஸ்ரேலியருக்குச் சிவில் சட்டம். கைதான இஸ்ரேலியரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், பாலஸ்தீனரை 96 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். அதனால் இஸ்ரேலியத் தொண்டர் மீது கைவைக்கும்முன் சிப்பாய் கொஞ்சம் யோசிப்பார், அந்த யோசனைதான் இவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். ராணுவத்திடமும் இதற்கு மாற்று இருக்கிறது: 'மூடப்பட்ட ராணுவப் பகுதி' என்று ஓர் உத்தரவைக் காட்டி எல்லாரையும் கிளம்பச் சொல்வார்கள், பல சமயம் நிலத்துக்காரரும் சேர்ந்து கிளம்ப வேண்டியதுதான்.

கேள்வி: 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியதற்குப் பிறகும் இது பலிக்கிறதா?

முன்னைவிடக் குறைவு. குடியேறிகள் பலரை ராணுவத்தின் உள்ளூர்ப் பாதுகாப்புப் படையில் சேர்த்துச் சீருடையும் துப்பாக்கியும் கொடுத்துவிட்டார்கள். நேற்றுவரை வந்து மிரட்டியவரே இன்றைக்கு ராணுவம் என்றால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? 2023 அக்டோபர் கடைசியில் குடியேறிகளின் மிரட்டலால் ஸனூத்தா என்ற ஊர் மொத்தமும் காலியானது. அதே மலைப்பகுதியில் உள்ள உம் அல்-கைர் ஊரின் ஆங்கில ஆசிரியர் அவ்தா ஹதலீனைப் பல யூதத் தொண்டர்களுக்கு நேரில் தெரியும். 2025 ஜூனில் யூதர்கள் உள்ளிட்ட பல மதத்தினரின் அழைப்பில் அமெரிக்கா போனவரை சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். ஜூலை 28 அன்று, குடியேறி ஒருவர் சுட்டதில் இறந்துபோனார், அப்போது அவர் கையில் இருந்தது கேமரா. ஆகவே கேமரா இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: ஹமாஸ் கொன்றது யூதர்களைத்தானே, இவர்களுக்குக் கோபமே வராதா?

ஏன் வராது? காசா நோயாளிகளைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன இஸ்ரேலிய அமைதி ஆர்வலர் விவியன் சில்வர், 74 வயது, அந்த அக்டோபர் 7 அன்று பெயெரி என்ற கிப்புட்ஸில் (கூட்டுக் குடியிருப்பில்) கொல்லப்பட்டார். இந்தத் தொண்டர்களிடையே அவரைத் தெரியாதவர் குறைவு. துக்கமும் கோபமும் இருக்கிறது, ஆனால் அந்தப் பழியை ஆடு மேய்ப்பவர் தலையில் போட முடியாது என்கிறார்கள். வீட்டிலும் ஊரிலும் 'துரோகி' என்று பேச்சு வாங்குவது தனிக்கதை.

கேள்வி: நிவாரண லாரிகளைக் காத்ததும் இவர்கள்தானா?

அது வேறு அமைப்பு, யூதரும் அரபுகளும் சேர்ந்த 'ஸ்டாண்டிங் டுகெதர்'. 2024 மே மாதம் மேற்குக் கரையின் தர்குமியா சோதனைச்சாவடியில் இஸ்ரேலிய வலதுசாரிகள் காசாவுக்குப் போன லாரிகளை மறித்து உணவு மூட்டைகளைக் கீழே தள்ளிக் கொட்டினார்கள். அதற்குப் பிறகு இவர்கள் போய் லாரிகளுக்குக் காவல் நின்றார்கள்.

கேள்வி: பாலஸ்தீனர்கள் எல்லாரும் வரவேற்கிறார்களா?

இல்லை. 'வந்து படம்பிடித்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள், நாங்கள்தான் இங்கே கிடக்க வேண்டும்' என்ற கசப்பு நியாயமானதே. எங்கே நிற்பது, எப்போது விலகுவது என்பதை ஊர்க்காரர்கள் முடிவு செய்ய வேண்டும் என்பதே எழுதாத விதி.

கேள்வி: யூதர் அல்லாதவர் போகலாமா?

போகிறார்கள். ஆனால் மாட்டினால் நாடுகடத்தல், அப்புறம் மறுபடி நுழையத் தடை. வெளிநாட்டு யூதருக்கும் இதே ஆபத்து உண்டு. 2024 செப்டம்பர் 6 அன்று மேற்குக் கரையின் பெய்தா ஊரில், இப்படித் துணைக்குப் போன துருக்கிய அமெரிக்கரான அய்ஷெனூர் எஸ்கி எய்கி என்ற 26 வயதுப் பெண்ணை இஸ்ரேலிய ராணுவத்தின் குண்டு கொன்றது. போக நினைப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.