பொறியியலின் இரண்டாம் ஆண்டில் பொருளியலுக்கு மாறலாமா?
இயந்திரவியல் மூன்றாம் பருவத்தில் இருக்கும் நீங்கள், பி.ஏ. பொருளியலுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெறுப்பு பாடத்தின் மீதா, விழுந்த அரியர்களின் மீதா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். என்னுடன் பயின்ற ஒருவர் வெப்ப இயக்கவியல் புத்தகத்துக்குள் வணிக நாளிதழை மடித்து வைத்துப் படிப்பார். அத்தகைய ஈர்ப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் துறையே மாறும்போது பெரும்பாலும் முதலாண்டிலிருந்தே தொடங்க நேரும் என்பதால், அவசரம் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் பயில 2022 முதல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதால், பொறியியலை விடாமலே இக்னோ போன்ற தொலைநிலைக் கல்வியில் பொருளியலைச் சேர்த்துப் பயின்று பார்க்கலாம். நுண்பொருளியலில் வரும் கணிதத்துக்குப் பிறகும் ஆர்வம் குறையவில்லையெனில், தயங்காமல் மாறுங்கள். ஆனால் புதிய கல்லூரியில் இடம் உறுதியாகும் வரை மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடாதீர்கள்.