வாடகை ஃபிளாட்டில் இருந்துகொண்டு உலோக வேலை பழக முடியுமா?

கேட்டவர் பெங்களூரில் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறார், பால்கனி மட்டும்தான் இடம். பொழுதுபோக்காக இரும்பு, செம்பு வேலை பழக ஆசையாம். முதலில் வாங்குவது வெல்டிங் மெஷினா, இரும்பைத் தேய்த்து வெட்டும் கிரைண்டரா என்பது கேள்வி.

இரண்டுமே இப்போது வேண்டாம். பால்கனியில் வெல்டிங் வைத்தால் ஓனர் அன்றைக்கே காலி பண்ணச் சொல்வார். (பெங்களூரில் அட்வான்ஸை முழுசாகத் திரும்ப வாங்க அது ஒன்றுதான் வழியோ என்னவோ.) வெல்டிங் தேவைப்பட்டால் தெருக்கோடி கிரில் பட்டறையில் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் பற்றவைத்துத் தருவார்கள்.

வாங்க வேண்டியது ஒரு வைஸும் (துண்டை இரண்டு தாடைக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் பிடிகருவி) இரண்டு அரமும். பெங்களூரில் கருவிக் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு பக்கம் போங்கள், தமிழில் பேசினாலே காரியம் நடக்கும். 4 அங்குல வைஸ் போதும். ஞாயிற்றுக்கிழமை சிக்பேட்டை பக்கம் பரப்பி வைக்கும் பழைய சாமானில் கிடைத்தால் இன்னும் நல்லது. வாங்குமுன் கைப்பிடியைச் சுற்றி, தாடை ஆடுகிறதா, இரண்டு தாடையும் சரியாகச் சேர்கிறதா என்று பாருங்கள். அரம் மட்டும் புதிதாக வாங்குங்கள்: 10 அங்குலப் பட்டை அரம், பாஸ்டர்ட் (சொரசொரப்பான பல்) ஒன்று, ஸ்மூத் (நைசான பல்) ஒன்று, இரண்டுக்கும் மரப்பிடியோடு. பிடி இல்லாத அரத்தின் வால் உள்ளங்கையைக் கிழிக்கும்.

இரும்புக்கு கிரில் பட்டறையிலேயே வெட்டி மிஞ்சிய எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண மென் எஃகு) பட்டைத் துண்டு கேளுங்கள். 25க்கு 5 மி.மீ. பட்டை என்றால் ஒரு மீட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். கால் கிலோ துண்டை வைத்துக்கொண்டு பல வாரம் ஓட்டலாம். பளபளவென்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. துண்டு வேண்டாம், பின்னாளில் அதைச் சூடாக்கினால் வரும் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மாடிவீட்டுத் தாத்தா, ஜாலஹள்ளி எச்.எம்.டி.யில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஒரு துண்டின் விளிம்பைத் தட்டையாக்கு என்பார், அவ்வளவுதான் பாடம். சுலபம் மாதிரி தெரியும். அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும், திரும்பி வரும்போது அழுத்தக் கூடாது. தொடக்கத்தில் இடது கையில் கனம், முடிவில் வலது கையில் கனம். இந்தக் கனம் மாறும் கணக்கு கைக்கு வரும்வரை விளிம்பு நடுவில் மேடாகவே நிற்கும். மூலைமட்டத்தை (செங்கோணம் பார்க்கும் L வடிவ அளவுகோல்) விளிம்பில் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இரண்டு ஓரத்திலும் கீற்றாக வெளிச்சம் ஒழுகும். “அரம் கீச்சுன்னு கத்துதா? துண்டு வைஸுக்கு மேல ரொம்ப நீட்டிட்டு இருக்கு, கீழ இறக்கு தம்பி” என்பார். இறக்கினால் சத்தம் அடங்கிவிடும். அலுமினியம் ராவினால் பல் அடைத்துக்கொள்ளும். அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அடைப்பு குறையும்.

இரும்பு அறுக்கும் ரம்பமான ஆக்ஸாவில் பிளேடின் பல் முன்னோக்கி இருக்க வேண்டும். பட்டைக்கு அங்குலத்துக்கு 24 பல், மெல்லிய தகட்டுக்கு 32. ரொம்ப மெல்லிசு என்றால் இரண்டு பலகைக்கு நடுவே செருகி மரத்தோடு சேர்த்து அறுங்கள், பல் தெறிக்காது.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு செம்புத் தகடு ஒரு சின்னத் துண்டு வாங்குங்கள், 1 மி.மீ. தடிப்பு. மரக்கட்டையில் குழி செதுக்கி அதில் வைத்துத் தட்டினால் கிண்ணமாக வளையும். தட்டத் தட்ட செம்பு இறுகி, சுத்தியல் எகிற ஆரம்பிக்கும். அப்போது விடாப்பிடியாக அடித்தால் விரிசல்தான். செங்கல் மேல் வைத்து கேஸ் டார்ச்சால் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி, தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும். கருவி எஃகு மாதிரி தண்ணீரில் கெட்டிப்படுமோ என்று பயப்பட வேண்டாம், செம்பு அப்படியில்லை. டார்ச்சை வெறும் சிமெண்ட் தரையில் காட்டாதீர்கள், சூட்டில் சில்லு தெறிக்கலாம். தட்டும் வேலையை மத்தியானத் தூக்க நேரத்தில் வைக்காதீர்கள். அரம் வேலைக்குப் பக்கத்து வீட்டில் யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

டிரில்லிங் மெஷின் வாங்கினால் ஓடும்போது கையுறை போடாதீர்கள், துணியைச் சுற்றி விரலோடு இழுத்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் எல்லா வேலைக்கும் போடுங்கள். இரும்புத் தூளை வாயால் ஊதவும் வேண்டாம், கையால் துடைக்கவும் வேண்டாம். பழைய பெயிண்ட் பிரஷ் போதும்.