2005 மெதோக் பாட்டிலில் கசடு: கெட்டுவிட்டதா?

கேள்வி: ஓய்வுபெற்ற என் மேலாளர் 2005ஆம் ஆண்டு மெதோக் (பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் ஒரு பகுதி) சிவப்பு ஒயின் ஒன்றைப் பரிசளித்தார். கேபர்னே சோவிஞோன், மெர்லோ என்ற இரு திராட்சை வகைகளின் கலவை. அடியில் கசடு தெரிகிறது. கெட்டுவிட்டதா? எப்படிச் சுவைத்துப் பார்ப்பது?

பதில்: கசடைக் கண்டு பயப்பட வேண்டாம். இளம் ஒயினில் கரைந்திருக்கும் நிறப்பொருளும், துவர்ப்பு தரும் டேனினும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கனத்து, அடியில் படியும். பழைய ஒயின் நிறம் வெளிறுவதற்கும் துவர்ப்பு தணிவதற்கும் இதுவும் ஒரு காரணம். 2005 போர்தோவில் மழை குறைந்த, பேர் வாங்கிய வருடம். டேனின் கெட்டியான ஒயின்கள். இந்த வயதில் கசடு இல்லையென்றால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

முதலில் ஒயின் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். கழுத்தடி வரை இருந்தால் நல்லது. பாட்டிலின் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் காற்று புகுந்திருக்கலாம். பிறகு ஒருநாள் முழுக்க நிமிர்த்தி வையுங்கள். பழைய கார்க் உதிரும், அவசரப்படாதீர்கள். உதிர்ந்தாலும் பரவாயில்லை, சுத்தமான மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். கழுத்துக்கு அடியில் செல்போன் டார்ச்சைக் காட்டியபடி வேறொரு ஜாடிக்கு மெதுவாகச் சாய்த்து, கசடு கழுத்தை நெருங்கியதும் நிறுத்துங்கள். இதைக் குடிக்கப் போகும்போது செய்தால் போதும். மூன்று மணி நேரம் காற்றாட வைப்பது இளசுகளுக்கு. கிழவருக்கு மூச்சு வாங்கும்.

‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்பது குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளை வைத்துச் சொன்னது. 30 டிகிரி அறையில் சாராய நெடிதான் முன்னே வரும். ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து 16 முதல் 18 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள்.

வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்தால் விளிம்பு செங்கல் நிறமாகத் தெரியும். அது வயது. மொத்தமும் டிகாஷன் மாதிரி மங்கிப் பழுப்பாக இருந்தால்தான் சந்தேகம்.

மணம்தான் முக்கியம். கறுப்புப் பழங்களின் வாசத்தோடு சுருட்டுப் பெட்டி, தோல், காளான், மழையில் நனைந்த சருகு எல்லாம் வரலாம். திறந்த உடனே அடைசல் வாடை வந்தால் கால் மணி நேரம் பொறுங்கள். பாட்டிலில் அடைந்து கிடந்த வாடை என்றால் கலைந்துவிடும். கார்க்கில் இருந்து வந்த கெடுதல் என்றால் ஈர அட்டைப்பெட்டி வாசம் போகவே போகாது, சில சமயம் கூடும். அதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள்.

வாயில் வைத்ததும் எது கேபர்னே, எது மெர்லோ என்று தேட வேண்டாம். நானே பலமுறை தோற்றிருக்கிறேன். பொதுவாக கேபர்னே துவர்ப்பும் கட்டும் தரும், மெர்லோ சதைப்பற்று தரும். இத்தனை வருடத்தில் இரண்டும் கலந்தே போயிருக்கும். கவனிக்க வேண்டியது வேறு. வயதாக ஆகப் பழச்சுவை கரையும், புளிப்பு அப்படியே நிற்கும். விழுங்கியபின் பழம் இன்னும் நாக்கில் நிற்கிறதா, இல்லை, பாக்கு மென்ற துவர்ப்பும் புளிப்பும் மட்டும்தானா? பழம் பத்து நொடியாவது நின்றால் ஒயினுக்கு உயிர் இருக்கிறது.

சரி, எதோடு சாப்பிடுவது? காரக் குழம்பு வேண்டாம், மிளகாய் துவர்ப்பைத் தூக்கிக் காட்டும். காரம் குறைத்த ஆட்டுக்கறி வறுவல் போதும். நாளைக்கு என்று மிச்சம் வைக்காமல், மூன்று நான்கு பேராகச் சேர்ந்து அன்றிரவே முடித்துவிடுங்கள்.