ஆச்சி பதில்கள்: ஐந்து நிமிடத்துக்கு முப்பத்தொரு புளியங்கொட்டை

கேள்வி: ஆச்சி, நான் தேவகோட்டைப் பையன். கல்லூரியில் முதலாண்டு. இந்தப் பருவத்தில் எங்களுக்கு மேடைப்பேச்சு ஒரு தாள். ஆளுக்கு ஐந்து நிமிடம் வகுப்பின் முன் நின்று பேச வேண்டும், மார்க் உண்டு. ‘இளைஞர் கையில் இந்தியா’ என்று ஐந்து பக்கம் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். வீட்டில் கடகடவென்று வருகிறது. வகுப்பில் எழுந்து நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது, கை நடுங்குகிறது. நீங்கள் வருஷக்கணக்காக இந்த வகுப்பு எடுத்தவர்களாமே, வழி சொல்லுங்கள்.

பதில்: முதலில் அந்த ஐந்து பக்கத்தைப் பரணில் தூக்கிப் போடு தம்பி. நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல் தாண்டாது. இது நான் கடிகாரம் வைத்துப் பார்த்த கணக்கு. உன் ஐந்து பக்கம் அதில் அடங்க வேண்டுமென்றால் நீ ரயில் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி பேச வேண்டும். அதிலும் முதல் ஒரு நிமிடம் ‘அவையிலே வீற்றிருக்கும் ஆன்றோர்களே, சான்றோர்களே’ என்று போய்விடும். உன் வகுப்பில் ஆன்றோர் யார்? பின்பெஞ்சில் செல்போன் நோண்டுகிறவனா? ‘எல்லோருக்கும் வணக்கம்’ போதும்.

மனப்பாடம் ஏன் கூடாது என்பதற்கு நானே சாட்சி. பி.ஏ. படிக்கும்போது வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பேச்சுப்போட்டி. எட்டு நிமிடப் பேச்சு, ஒரு எழுத்துப் பிசகாமல் நெட்டுரு. மூன்றாம் பத்தியில் ‘ஆகவே’ என்றேன். அடுத்த சொல் வரவில்லை. மறுபடி ‘ஆகவே’. கூட்டத்தில் யாரோ ‘ஆகவே?’ என்று எடுத்துக் கொடுத்தார்கள். நான் ‘நன்றி’ சொல்லி இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் சொன்னதற்கு, “சரி, ஆகவேக்கு அப்புறம் என்னடி?” என்று கேட்டார்கள். அப்போதும் வரவில்லை. கற்கண்டை நூலில் கோத்தது போலத்தான் மனப்பாடம். ஒன்று கரைந்தால் நூல் மட்டும் கையில் நிற்கும்.

ஆகவே (பார், இன்னும் விடவில்லை), முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் நெட்டுருப் போடு. நடுவில் சொற்கள் வேண்டாம், மூன்று காட்சிகள் போதும். காட்சி மறக்காது. சொல் அந்தந்த நேரத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

காட்சிக்கு எங்கே போவேன் என்பாய். என் வகுப்பில் ஆத்தங்குடிப் பையன் ஒருவன் இருந்தான். அவனும் இளைஞர், இந்தியா என்றுதான் வந்தான். கை அப்படி நடுங்கியது. உட்காரச் சொல்லிவிட்டு, “அப்பா என்ன செய்கிறார்?” என்றேன். “கல் போடுகிறார்” என்றான், தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல். “சரி, எப்படிப் போடுவார், நின்று காட்டு.”

எழுந்தான். இல்லாத கண்ணாடித் தகட்டை எடுத்துத் துடைத்தான், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூசி இருக்கிறதா என்று பார்த்தான், மறுபடி ஓரத்தைத் துடைத்தான். எங்கள் எல்லோர் கண்ணும் அந்த இல்லாத கண்ணாடியில்தான். அதன்மேல் சட்டம் வைத்தான், பூ அச்சை இறக்கினான், கட்டம் கட்டமாக வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றினான், அச்சை மூச்சுப் பிடித்துத் தூக்கினான். ஒரு சொட்டு பக்கத்துக் கட்டத்தில் விழுந்தால் அந்தக் கல் போச்சு என்றான். அதன்மேல் சிமென்டும் மணலும். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பது, அப்புறம் காயவைப்பது. காய்ந்தால் கண்ணாடி தானாகக் கழன்றுகொள்ளுமாம். சூளை கிடையாது, மெருகு போடுவது கிடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. ஏழு நிமிடம் பேசினான். கை நடுங்கவே இல்லை, கைக்குத்தான் வேலை இருந்ததே! ‘மேடையில் கையை எங்கே வைப்பது’ என்று எல்லோரும் என்னைக் கேட்பார்கள். சொல்ல ஒரு விஷயம் இருந்தால் கை தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

உன் வீட்டிலும் ஏதோ ஒரு தொழில், ஒரு சமையல், ஒரு சண்டை இருக்கும். அதை எடு.

படபடப்பு போகாது, போகவும் வேண்டாம். அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடிக்கிறது, வாய் உலர்கிறது, அவ்வளவுதான். பேச ஆரம்பித்து ஒன்றிரண்டு நிமிடத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த முதல் நிமிடத்தைக் கடக்கத்தான் முதல் வாக்கியத்தை நெட்டுருப் போடச் சொன்னேன். எழுந்திருக்கும் முன் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடு. ஒரு மடக்கு வெந்நீர் குடி. மைக் இருந்தால் ஊதிப் பார்க்காதே, தட்டிப் பார்க்காதே.

பயிற்சிக்கு நம் செட்டிநாட்டு வீடு மாதிரி வசதி எங்கும் கிடையாது. அப்பத்தாவை உள்ளே இரண்டாங்கட்டில், அதாவது இரண்டாவது முற்றத்தில், உட்கார வை. நீ முகப்பில் நில். கத்தாமல் பேசி அவர்கள் காதில் விழுந்தால் குரல் போதும். கூடப் படிக்கிற ஒருவனை ஒரு எவர்சில்வர் டம்ளரோடும் கொஞ்சம் புளியங்கொட்டையோடும் எதிரே உட்கார்த்து. நீ ‘வந்து’, ‘அதாவது’, ‘ஆக்சுவலா’, ‘ம்ம்’ என்று இழுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டையை ‘டிங்’கென்று போட வேண்டும். என் மாணவி ஒருத்தி முதல் நாள் ஐந்து நிமிடத்தில் முப்பத்தொரு கொட்டை வாங்கினாள். அழுதாள். பத்தாம் நாள் நாலு. இது என் கண்டுபிடிப்பு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய, மேடைப்பேச்சு பழகுகிற டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்களில் இப்படி எண்ணுவதற்கென்றே ஓர் ஆளை நியமிப்பார்களாம், பிறகு தெரிந்தது. அவர்களிடம் புளியங்கொட்டை கிடையாது.

கேள்வி: என் மகள் பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவரின் குரலை அப்படியே காப்பி அடிக்கிறாள். கல்லூரியில் கைதட்டல் கிடைக்கிறது. விடலாமா? — ஒரு தகப்பன், பள்ளத்தூர்

பதில்: ஆறு மாதம் விடுங்கள். நானும் குன்றக்குடி அடிகளார் மாதிரி இழுத்து நிறுத்திப் பேசித் திரிந்தவள்தான். அவர் நிறுத்தினால் அடுத்த சொல்லுக்கு அவை காத்திருக்கும், நான் நிறுத்தினால் மறந்துவிட்டேன் என்று நினைத்தார்கள். அவளுக்கும் ஒருநாள் அப்படி நடக்கும்.

கேள்வி: ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்கிறார் எங்கள் ஆசிரியர். எனக்குத் தமிழே தடுமாறுகிறது. — மாணவி, கண்டனூர்

பதில்: தமிழில் யோசித்து வரிக்கு வரி ஆங்கிலமாக்காதே அம்மா, இரண்டும் கெடும். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசு. உச்சரிப்புக்கு வெட்கப்படாதே, வினைச்சொல்லைச் சரியாகப் போட்டால் போதும்.

கேள்வி: நல்ல பேச்சை எங்கே போய்க் கேட்பது? யூடியூபில் கேட்டால் போதாதா? — மாணவன், கோட்டையூர்

பதில்: யூடியூபில் பேச்சாளர் முகம் தெரியும், கேட்கிறவன் முகம் தெரியாது. பங்குனியில் காரைக்குடிக் கம்பன் விழாவுக்கு வா. 1939இல் சா. கணேசன் தொடங்கியது. குறித்த மணிக்குத் தொடங்கும் என்று பெயர் பெற்ற விழா, தாமதமாக வந்து நிற்காதே. முன்வரிசை வேண்டாம். பக்கவாட்டில், தூண் ஓரமாக உட்கார். பேச்சாளரைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார். எந்த வாக்கியத்தில் விசிறி நிற்கிறது, எப்போது வெற்றிலைப் பெட்டி திறக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள். அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையில் விழா முடியும். நானும் அங்கே இருப்பேன், அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டு.