பாணினி என்ன செய்தார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆறு, ஏழாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன். போன வாரம் பாணினியைப் பற்றிப் பேசினேன். கையில் கல்வி ரேகை இல்லை என்று குரு சொன்னதும், கத்தியால் உள்ளங்கையில் கீறிக்கொண்டு படிக்கப் போன சிறுவன் என்று தொடங்கி, "சமஸ்கிருத இலக்கணத்தை உருவாக்கியவர்" என்று முடித்தேன். ஒரு பையன் எழுந்து, "அப்படின்னா அவருக்கு முன்னாடி யாரும் அந்த மொழியைப் பேசலையா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. ரேகைக் கதை உண்மையா? அவர் செய்ததைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

அந்தப் பையனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவன் கேட்டதற்கு கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே பதில் இருக்கிறது. பாணினிக்குப் பேருரை எழுதிய பதஞ்சலி மகாபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே இதைப் பேசுகிறார். பானை வேண்டுமென்றால் குயவர் வீட்டுக்குப் போய் "ஒரு பானை செய்து கொடு" என்று கேட்போம். பேசுவதற்குச் சொல் வேண்டுமென்று இலக்கணக்காரர் வீட்டுக்குப் போய் "நாலு சொல் செய்து கொடு" என்று யாராவது கேட்பார்களா? மாட்டார்கள். மக்கள் முன்பே பேசிக்கொண்டிருந்தார்கள், பாணினி காது கொடுத்துக் கேட்டார். அவருக்கு முன்னாலும் இலக்கண ஆசிரியர்கள் இருந்தார்கள். சாகல்யர், கார்க்கியர், சாகடாயனர் என்று 10 பேரை அவரே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்.

ரேகைக் கதை பாணினியின் இலக்கண நூலான அஷ்டாத்யாயியிலும் இல்லை, மகாபாஷ்யத்திலும் இல்லை. மந்த மாணவனாக இருந்து, இமயத்தில் தவம் செய்து சிவனிடம் இலக்கணம் பெற்றார் என்றொரு கதை 11ஆம் நூற்றாண்டின் கதைத் தொகுப்பான கதாசரித்சாகரத்தில் உண்டு. கதையாகச் சொல்லலாம். ஆனால் உள்ளங்கையைக் கீறிக்கொள்ளும் சிறுவனை ஆறாம் வகுப்புக் குழந்தைகளுக்கு முன்மாதிரியாக வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் செய்த வேலை அந்தக் கதையைவிட நூறு மடங்கு சுவையானது.

ஊரையும் காலத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். சிந்துவும் காபூல் ஆறும் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், இன்றைய பாகிஸ்தானில் இருந்த சலாதுரம்தான் அவர் ஊர். காலம் ஏறத்தாழ கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டு. அவர் நூலில் 8 அத்தியாயம், ஏறத்தாழ 4000 சூத்திரம், அதாவது மிகச் சுருக்கமான விதி. பிறகு, 4000 வேண்டாம், ஒரே ஒரு சூத்திரத்தை எடுத்து விளையாடுங்கள்.

நான் என் தங்கை மகளோடு செய்ததைச் சொல்கிறேன். பழைய நாள்காட்டித் தாள்களை வெட்டி, பின்பக்கம் எழுத்துகளை எழுதித் தரையில் இப்படிப் பரப்பினோம்:

அ இ உ ண்
ரு லு க்
ஏ ஓ ங்
ஐ ஔ ச்
ஹ ய வ ர ட்
ல ண்

பாணினியின் இலக்கணத்துக்கு முன்னால் நிற்கும் 14 வரிகளில் இவை முதல் 6. நடராசரின் உடுக்கையிலிருந்து பிறந்தவை என்று மரபு சொல்லும். இங்கே ரு, லு என்று நான் எழுதியிருப்பவை உயிரெழுத்துகள், ரு என்பது கிருஷ்ணன் என்ற சொல்லில் வருகிறதே அந்த ஒலி. ஒவ்வொரு வரிசையும் ஒரு ரயில். கடைசியில் இருக்கும் மெய் கார்டு பெட்டி, அதில் பயணிகள் கிடையாது. இப்போது "இ"யில் ஏறி "க்" என்ற கார்டு பெட்டிவரை போ என்றால் யார் யார் கிடைப்பார்கள்? இ, உ, ரு, லு. இந்த நால்வருக்கும் சேர்த்துப் பெயர் "இக்". அதேபோல ய, வ, ர, ல நால்வருக்கும் "யண்". முதல் எழுத்தில் தொடங்கி "ச்" வரை போனால் "அச்", அதாவது எல்லா உயிர்களும்.

இனி சூத்திரம்: "இகோ யண் அசி". மூன்றே சொல். அச் பின்னால் வந்தால், இக் இருந்த இடத்தில் யண் வரும். எது எதற்கு என்பது நம் நிரல்நிறைதான், வரிசைக்கு வரிசை. இ-க்கு ய், உ-க்கு வ், ரு-வுக்கு ர், லு-வுக்கு ல். அதற்கும் தனியாக ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்.

இதி + ஆதி என்று இரண்டு அட்டையை வைத்தேன். அவள் கடைசி "இ"யை எடுத்துவிட்டு "ய்" வைத்தாள். இத்யாதி! அட, இது நாம் தினம் சொல்கிற சொல்லாயிற்றே என்று அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதி + ஆவசியம் அத்யாவசியம் ஆயிற்று. மனு + அந்தரம் மன்வந்தரம். சு + ஆகதம் ஸ்வாகதம். பித்ரு + ஆர்ஜிதம் பித்ரார்ஜிதம், பத்திரங்களில் பிதுரார்ஜிதம் என்று எழுதுகிறோமே அது. உங்கள் குழந்தைகளுக்கு உடம்படுமெய் தெரிந்திருந்தால் ஒப்பிடச் சொல்லுங்கள். மணி + அடித்தது என்பதில் "இ" தன் இடத்திலேயே இருக்கிறது, நடுவில் "ய்" வந்து சேர்கிறது, மணியடித்தது. சமஸ்கிருதத்தில் "இ" எழுந்துபோய், அது இருந்த இடத்தில் "ய்" உட்கார்கிறது. பக்கத்துப் பக்கத்து மொழிகள், ஒரே சிக்கல், இரண்டு தீர்வு.

அதன்பின் அவளே ஒரு சொல் கொண்டுவந்தாள். ரவி + இந்திரன். ரவ்யிந்திரன் என்று வந்தது. "எங்க கிளாஸ்ல ரவீந்திரன்தானே இருக்கான்?" என்றாள். அங்கேதான் பாணினி நிற்கிறார். அதே இன உயிர்கள் இரண்டு சந்தித்தால் சேர்ந்து ஒரே நெடிலாகும் என்று இன்னொரு சூத்திரம் இருக்கிறது. அது முந்தியதைத் தடுத்துவிடும். ஒரு விதி பொது, ஒரு விதி சிறப்பு, எப்போது எது வெல்லும் என்பதற்கும் விதி. நீங்களாக விதிவிலக்கைச் சொல்லிவிடாதீர்கள். குழந்தைகளே அதில் இடறட்டும்.

அவர் எவ்வளவு கூர்ந்து கேட்டார் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று கிணறு. விபாசா என்ற ஆறு, இன்று பஞ்சாபில் பியாஸ் என்கிறார்கள். அதன் வடகரைக் கிணறுகளுக்கென்றே ஒரு சூத்திரம் எழுதியிருக்கிறார். தத்தன் வெட்டிய கிணறு "தாத்த". வடகரையில் அந்தப் பெயரின் முதல் அசையை உயர்த்திச் சொல்வார்கள், தென்கரையில் கடைசி அசையை. எழுத்து ஒன்றுதான், ஏற்ற இறக்கம் மட்டும் வேறு. அதையும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறார். காசிகை என்ற உரை எழுதியவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும், சூத்திரம் செய்தவரின் பார்வை எத்தனை நுட்பமானது என்று வாய்விட்டு வியந்து எழுதியிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கிறது. ஒரு கரைக்கும் மறு கரைக்கும் உள்ள குரல் வேறுபாட்டுக்காக ஒரு மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு குழந்தைகளை வெளியே அழைத்துப் போங்கள். குறில், நெடில், அதற்கும் நீண்ட மூன்று மாத்திரை ஒலி என்று பாணினி பிரிக்கும் சூத்திரம் "உ" என்ற உயிரை எடுத்துக்கொள்கிறது. சேவல் கூவுவதில் இந்த மூன்றும் வரிசையாகக் கேட்கும் என்பார்கள் பழைய ஆசிரியர்கள். கூவிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒருவனைத் தெருக்கோடியில் நிறுத்தி, மற்றவர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். கடைசி உயிர் தானாக நீளும். தொலைவிலிருந்து அழைத்தால் வாக்கியத்தின் இறுதி உயிர் மூன்று மாத்திரை பெறும் என்கிறது அஷ்டாத்யாயி. சேய்மையில் இருப்பவரை விளிக்கும்போது பெயர்கள் தம் அளபைக் கடந்து ஒலிக்கும் என்கிறது தொல்காப்பியத்தின் விளிமரபு. இரண்டையும் அந்தத் தெருவிலேயே நின்று வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்டானே, அந்தப் பையனையே தெருக்கோடியில் நிறுத்துங்கள். முதலில் அவன் காதில்தான் அது விழ வேண்டும்.