வளைந்த பால்கனிக் கைப்பிடிக்கு எத்தனை அடி பைப்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டுகிறோம். மாடி பால்கனியின் முன்பக்கம் வட்டத்தின் ஒரு துண்டுபோல வளைந்திருக்கிறது. பிளானில் ஆரம் 9 அடி, மையக்கோணம் 120 டிகிரி. கைப்பிடிக்கு 20 அடி ஸ்டீல் பைப் ஒன்று போதுமா?

பதில்: அளவைப் பார்த்தால் 20 அடி பைப் ஒன்று போதும். ஆனால் அந்த 9 அடி எதுவரை என்று தெரியாமல் வெட்டிவிடாதீர்கள்.

கணக்கு வெறும் பங்கு பிரிப்புதான். முழுச் சுற்று 360 டிகிரி. உங்கள் வளைவு 120, மூன்றில் ஒரு பங்கு. சுற்றளவு 2 × 3.1416 × 9 = 56.55 அடி. அதில் மூன்றில் ஒன்று 18.85 அடி. புள்ளிக்குப் பின் வரும் 85ஐ அப்படியே இஞ்சாக எழுதிவிடக் கூடாது. 0.85 × 12 = 10.2, ஆக 18 அடி 10 இஞ்ச். பை (π) மதிப்பாக 3.1416க்குப் பதில் 22/7 போட்டாலும் வித்தியாசம் 2 மி.மீ. சொச்சம்தான், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது ஆரத்தைப் பற்றி. பிளானில் உள்ள ஆரம் பெரும்பாலும் கான்கிரீட்டின் வெளி விளிம்புவரை இருக்கும். பைப்போ விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும். பைப்பின் நடுக்கோடு 3 இஞ்ச் உள்ளே என்றால் ஆரம் 8.75 அடி, நீளம் 18.33 அடி, அதாவது 18 அடி 4 இஞ்ச். 120 டிகிரியில் ஆரம் ஒரு இஞ்ச் குறைந்தால் வில்லின் (வளைவின்) நீளம் 2 இஞ்சுக்கு மேல் குறையும். வட்டம் பெரிதோ சிறிதோ, இது மாறாது.

கட்டி முடித்த வளைவு பிளானில் உள்ளபடியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். இரு முனைகளுக்கும் நேராக நூல் பிடித்து அளங்கள்: வெளி விளிம்பில் 15 அடி 7 இஞ்ச் வர வேண்டும். (இதையே வில்லின் நீளம் என்று நினைத்துப் பைப் வாங்கினால் 3 அடிக்கு மேல் குறையும்.) நூலின் நடுவிலிருந்து வளைவுவரை உள்ள தூரம், அதாவது நடு உயரம், 4 அடி 6 இஞ்ச். அளவு வேறாக வந்தால்: பாதி நூலின் வர்க்கத்தோடு அந்த நடு உயரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் உண்மையான ஆரம். உயரத்தைப் பாதி நூலால் வகுத்து, கால்குலேட்டரில் டேன் இன்வெர்ஸ் (tan⁻¹) எடுத்து 4ஆல் பெருக்கினால் கோணம். கால்குலேட்டர் டிகிரியில் இருக்க வேண்டும். ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருந்தால், பிளான் அளவுக்கு டேன் இன்வெர்ஸ் காட்ட வேண்டிய 30க்குப் பதில் 0.52 என்று காட்டும்.

ரோலர் மெஷினில் வளைக்கும்போது பைப்பின் இரு நுனியும் கொஞ்ச தூரம் வளையாமல் நேராகவே நிற்கும். எத்தனை இஞ்ச் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், வளைப்பவரிடமே கேளுங்கள். 18 அடி 4 இஞ்ச் போக உங்களுக்கு 20 இஞ்ச் மிச்சம், பக்கத்துக்கு 10. அதற்கு மேல் கேட்டால் பைப் ஒன்று போதாது. இணைப்பு போட வேண்டிவரும். எதுவானாலும் முழு நீளத்தை வளைத்து, இடத்தில் வைத்துப் பார்த்த பிறகே நுனியை வெட்டச் சொல்லுங்கள்.